இருவர் தேடி, ஒருவர் வாழும் ஊர்

உத்தியோகத்தின் நிமித்தம் இருபத்திரண்டாம் வயதில் பம்பாய்க்கும் பிலாய்க்கும் ரயிலேறியவர்களும், பின்னாளில் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் நியூஜெர்சிக்கும் விமானமேறியவர்களும், பிள்ளைகளைப் படிக்க வைத்து, கல்யாணம் காட்சி பார்த்து, வீட்டுக் கடனை அடைத்து முடித்து, ஒரு மாதக் கடைசியில் மாலையும் கழுத்துமாகப் பணி ஓய்வு பெற்று வீடு வந்து சேர்கிறபோது, கணவனும் மனைவியும் கலந்து பேசியே தீரவேண்டிய விஷயம் ஒன்று அவர்களுக்காகக் காத்திருக்கிறது: இனி எந்த ஊரில் இருப்பது? நம் பாட்டனார் தலைமுறையில் இதை யோசிக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. பிறந்த வீடு இருந்தது. அதில் மூத்த பிள்ளை இருந்தான். திண்ணையில் ஓர் ஓரம் கிழவருக்கென்று ஒதுங்கியிருந்தது. வைராக்கியம் மிகுந்த சிலர் காசிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போய் க்ஷேத்திரவாசம் செய்தார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே மூப்படைந்து இருந்த இடத்திலேயே கண்மூடினார்கள். இன்றைக்கோ மூத்தவன் டாலஸிலும் இளையவள் மெல்போர்னிலும் இருக்க, பூர்வீக வீடு பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினையாகி எப்போதோ கைமாறிப் போயிருக்க, அறுபது வயதுத் தம்பதிகள் தங்கள் முதுமைக்கான ஊரைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டிய நிலைமை ஏற்பட்டிருக்கிறது.

அவர்களுடைய தொகையும் சிறிதன்று. 2011ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது கடந்தவர்கள். மத்திய அரசின் புள்ளிவிவர மதிப்பீட்டின்படி அந்த விகிதம் 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதமாக உயரும். கேரளத்துக்கு அடுத்தபடியாக நரை மிகுந்த மாநிலம் நம்முடையதுதான். ஆசியக் கண்டத்தின் மற்ற தேசத்தாரும் இதே கவலையில்தான் இருக்கிறார்கள். ஜப்பானிய அரசாங்கத்தின் தொழில் அமைச்சகம், தன் தேசத்து ஓய்வூதியர்களை ஸ்பெயின், ஆஸ்திரேலியா முதலிய அயல்நாடுகளில் குடியேற்ற 1986இல் ஒரு திட்டம் வகுத்து, முதியவர்களையும் சரக்கோடு சரக்காக ஏற்றுமதி செய்கிறீர்களா என்ற கண்டனத்துக்கு ஆளாயிற்று. ஐம்பது வயதாகி, வங்கியில் 8 லட்சம் பாட் வைத்திருப்பவருக்கு ஓய்வு விசா என்று தாய்லாந்து சொல்லுகிறது. மலேசியாவும் அயல்நாட்டாருக்கு இரண்டாவது வீடு தர முன்வந்திருக்கிறது. மேனாடுகளில் வாழும் நம்மவர்களுக்கு இதனோடு இன்னொரு விசாரமும் சேர்ந்துகொள்கிறது: பெரிய நகரத்தை விட்டு ஒரு சிறு ஊரில் போய் உட்கார்ந்தால், நம் நிறத்தையும் முகத்தையும் பார்த்து அவ்வூரார் கதவைத் திறப்பார்களா, சாத்துவார்களா என்ற விசாரம். சொந்த மண்ணுக்குத் திரும்பிவிட்டால் அந்தச் சஞ்சலம் தீர்ந்துவிடும் என்று எண்ணித்தான் பலர் திரும்புகிறார்கள். அந்த எண்ணம் முழுவதும் சரியானதன்று என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது வேறு. ஊர் தேடும் தம்பதிகள், எப்போதும் இருவராகவே இருக்கப்போவதாக மனத்தில் வரித்துக்கொண்டு தேடுகிறார்கள். இருவரும் சேர்ந்து காலையில் உலாவ ஒரு சாலை, மாலையில் உட்கார ஒரு பிராகாரம், தூரத்தில் ஒரு மலை, தோட்டத்தில் நாலு தென்னை. அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் நம் நாட்டில் மனைவியைவிடக் கணவன் ஐந்தாறு வயது மூத்தவனாக இருப்பதும், பெண்களின் ஆயுள் ஆண்களின் ஆயுளைவிட நீண்டிருப்பதும் சேர்ந்து, முதுமையில் துணையை இழந்து வாழும் பெண்களின் தொகையை அவ்வாறு வாழும் ஆண்களின் தொகையைப்போலச் சில மடங்காக ஆக்கியிருக்கின்றன. ஆகவே இன்று இருவராகப் போய்க் குடியேறுகிற வீட்டில், பெரும்பாலும் ஒரு ஸ்திரீ தனியாகச் சில வருஷங்களேனும் வாழத்தான் போகிறாள். அந்த எழுபத்தைந்து வயதுப் பெண்மணிக்கு எந்த ஊர் உகந்ததோ அந்த ஊரைத்தான் அறுபது வயதில் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அமங்கலமான பேச்சு என்று இதைத் தட்டிக்கழிக்கும் கணவர்கள், தங்கள் மனைவிமாரிடம் கொண்டுள்ள பிரியத்தைத் தவறான வழியில் காட்டுகிறார்கள் என்றே சொல்வேன்.

இந்த ஒரே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பதினோரு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் பார்க்கலாம். மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாகத் தென்காசிச் சாலையில் வருகிறவருக்குக் கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வலது கைப்பக்கம் மலை நெருங்கி வரும். சற்றைக்கெல்லாம் மரத்தலைகளுக்கு மேலே கோபுரம் தெரியும். பதினோரு நிலைகள் கொண்டு ஏறத்தாழ 192 அடி உயர்ந்து நிற்கும் அந்த வடபத்ரசாயி கோபுரத்தைத் தமிழ்நாட்டு அரசின் முத்திரையிலே பார்த்துப் பழகிய கண்களுக்கும், நேரில் அதன் காம்பீர்யம் புதிதாகவே இருக்கும். இரண்டு ஊர்களும் ஒரே மலையின் காற்றைச் சுவாசிக்கின்றன. ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆயினும் இயல்பில் இவை அக்காள் தங்கையென்று சொல்ல முடியாதபடி வேறுபட்டவை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த ஸ்தலமாதலால் அதற்கு இருக்கும் மகிமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முதியவர்களின் சௌகரியம் என்ற கோணத்திலிருந்து பார்க்கும்போது, ஒரு பெரிய கோயில் தன்னைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு என்ன செய்கிறது என்பதை யாரும் விரித்துச் சொல்லவில்லை. அது நாளைப் பகுத்துக் கொடுக்கிறது. உத்தியோகம் போனபின் மனிதர்களை வாட்டுவது வறுமையைக்காட்டிலும் வடிவமிழந்த பொழுதுதான். விடிந்தால் எங்கே போவது, இருட்டினால் எதிலிருந்து திரும்புவது என்று தெரியாத பொழுது. ரத வீதிகளில் குடியிருக்கும் ஒருத்திக்கு அந்தத் துன்பம் இல்லை. விசுவரூப தரிசனத்துக்கு ஒரு வேளை, உச்சிக்காலத்துக்கு ஒரு வேளை, சாயரட்சைக்கு ஒரு வேளை. மார்கழி வந்தால் முப்பது நாளும் பின்னிருட்டில் திருப்பாவை. ஆடிப் பூரத்தில் தேர். புரட்டாசி சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே திருவண்ணாமலை என்று பெயர் பெற்ற சிறு குன்றின் மீதுள்ள சீனிவாசப் பெருமாளுக்காகத் திரளும் ஜனங்கள். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக் கள்ளழகருக்கும் புறப்படுகிற நாள்களில் ஊரே ஒரு பெண்ணைச் சீர்வரிசையோடு அனுப்புகிற வீடாகிவிடுகிறது.

ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது உலோகத்தாலோ மரத்தாலோ ஆனதன்று, நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுவது. மரவள்ளி இலை உடலாகிறது, மாதுளம்பூ மூக்காகிறது, இன்னும் சில இலைகளும் பூக்களும் நாருங்கொண்டு, பரம்பரையாக அந்தக் கைங்கரியத்தைச் செய்துவருபவர்களின் விரல்கள் அதைச் சில மணி நேரத்தில் உருவாக்கிவிடுகின்றன. அது பக்தர் ஒருவருக்குப் பிரசாதமாகப் போய்விட, மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர், தில்லியில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர், இந்தக் கிளியின் அலகு மடிக்கப்படும் விதத்தை என்னிடம் அரைமணி நேரம் விவரித்தார். அவருடைய மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தொடுத்துக்கொண்டிருந்த துளசியிலிருந்து கண்ணெடுக்காமல், "இவுகளுக்கு ஆபீசு போனப்பக்கூட இம்புட்டு நேரந்தவறாமை இருந்ததில்ல" என்றார். அம்மையார் பாளையங்கோட்டைப் பக்கத்தவர். வந்த புதிதில் நாலு முழம் பூ வாங்கப் போன இடத்தில் ஏற்பட்ட பழக்கம், இப்போது பூக்காரப் பெண்ணின் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

தெய்வ நம்பிக்கையில் பிடிப்பில்லாதவர்களுக்கும் இவ்வூரில் இடமில்லாமற் போகவில்லை. 1875இல் நிறுவப்பட்ட பென்னிங்டன் நூலகம் இங்கே இருக்கிறது. ஒரு கலெக்டரின் பெயர் தாங்கி ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் அந்த நூலகத்தில் காலைப் பத்திரிகைகளுக்காக வந்து அமரும் முதியவர்கள் தமக்குள் ஒரு சபையாகவே இருக்கிறார்கள். விருதுநகர் ஜில்லாவின் தலைமை நீதிமன்றம் ஜில்லாத் தலைநகரில் இல்லாமல் இங்கே இருப்பதால், வக்கீல்களும் பத்திர எழுத்தர்களும் அவர்களை நாடி வருகிறவர்களுமாக ஊரில் நல்ல நடமாட்டம் உண்டு. தபாலாபீசு, வங்கி, கருவூலம், மருந்துக் கடை, காய்கறிக் கடை எல்லாம் நடைதூரம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவைப் பற்றி முதியவர்களிடம் பேசுவது நியாயமாகாது. எனினும் அகன்ற இரும்புச் சட்டியில் பாலும் சர்க்கரையும் மட்டும் கொதித்து இறுகும்வரை விறகடுப்பின் முன்னால் நின்று துடுப்பால் கிளறிக்கொண்டே இருப்பவரின் பொறுமையைப் பார்ப்பதற்குச் சர்க்கரை நோய் தடையாகாது.

ராஜபாளையம் வேறு கதை. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறத்தாழ 75,000 பேரும் ராஜபாளையத்தில் ஏறத்தாழ 1,30,000 பேரும் இருந்தார்கள். கோயிலைச் சுற்றி வளராமல், குடியேறி வந்தவர்களின் உழைப்பைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. விஜயநகர சாம்ராஜ்யத்தின் காலத்தை ஒட்டித் தெற்கே வந்த ராஜுக்கள், பழையபாளையம் புதுப்பாளையம் என்று பாளையம் பாளையமாக அமர்ந்து, வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழுமாக வாழ்ந்து, தங்கள் வடநாட்டு நினைவுகளைக் கைவிடாமலே இம்மண்ணின் மனிதர்களாக ஆனார்கள். அந்தக் குடியிலிருந்து பி.எஸ். குமாரசாமி ராஜா தோன்றி, 1949 முதல் 1952 வரை சென்னை ராஜதானியின் முதன்மந்திரியாகவும் பிறகு ஒரிசாவின் கவர்னராகவும் இருந்தார். பெரும்பதவிகளை வகித்தவர்கள் ஓய்வுக்காலத்தில் மாளிகை கட்டிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். அவரோ தாம் வாழ்ந்த வீட்டையே ஊருக்கு எழுதிக்கொடுத்தார். அது காந்தி கலை மன்றமாக இன்றைக்கும் நிற்கிறது. வேறொரு ராஜா, பி.ஏ.சி. ராமசாமி ராஜா, 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கி, பருத்தியிலிருந்து சிமெண்டு வரை கிளைத்த ஒரு தொழில் சாம்ராஜ்யத்துக்கு வித்திட்டார். பக்கத்திலிருக்கும் சத்திரப்பட்டியில் தறிகள் நெய்கிற மெல்லிய துணி, ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற துணியாகத் தேசமெங்கும் போகிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஓய்வு என்ற சொல்லுக்கே அவ்வளவாக மதிப்பில்லை. எழுபது வயதில் கடையில் உட்காருகிறவரையும், மாந்தோப்புக் குத்தகையைத் தாமே போய்ப் பேசுகிறவரையும் பார்க்கலாம். சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று இவ்வூரார் மாம்பழங்களைப் பெயர் சொல்லி அழைக்கும்போது அவர்கள் குரலில் தெரியும் வாஞ்சையை வெளியூரார் கற்றுக்கொள்ளச் சிறிது காலம் பிடிக்கும். கணக்கு எழுதத் தெரிந்தவருக்கும், இயந்திரம் தெரிந்தவருக்கும், பாடம் சொல்லத் தெரிந்தவருக்கும் இங்கே யாராவது ஒருவர் வேலை வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஹைதராபாத்திலும் விஜயவாடாவிலும் உத்தியோகம் பார்த்துத் தெலுங்கு நாவிலேறிப் போன தமிழ்த் தம்பதிகளுக்கு, மளிகைக் கடையில் அந்தப் பாஷையின் பழைய ரூபம் ஒன்று காதில் விழும்போது உண்டாகும் மகிழ்ச்சியும் இவ்வூரில்தான் கிட்டும்.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. தென்காசிச் சாலை ஊருக்கு நடுவே பாய்கிறது. கேரளத்துக்குச் செல்லும் லாரிகள் இரவு பகலாக அதில் ஓடுகின்றன. பாதாளச் சாக்கடைக்கும் தாமிரபரணிக் குடிநீர்த் திட்டத்துக்குமாகத் தோண்டப்பட்ட தெருக்களில் ஜனங்கள் நெடுங்காலம் பட்ட அவஸ்தை ஊரறிந்தது. சித்திரை வைகாசி வெயில் இரண்டு ஊர்களிலும் கடுமை. மலையின் மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவத்தின் மழை கேரளத்துப் பக்கத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வந்து சேரும். ஐப்பசி கார்த்திகையில்தான் கண்மாய்கள் பெருகும். ராஜபாளையத்துக்குத் தண்ணீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நிரம்பியதா என்பது அங்கே வீட்டு விசேஷத்துக்கு நிகரான சேதி.

மலையைப் பற்றி விசேஷமாக ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அய்யனார் கோவில் பக்கமும் செண்பகத்தோப்புப் பக்கமும் போகிறவர்களின் மனம், தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு சிறு வீடு, முன்னால் ஓடை, பின்னால் மலை என்ற கனவில் சட்டென்று சிக்கிக்கொள்கிறது. அயல்நாட்டுப் பணத்தோடு வருகிறவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். நரையணில்களுக்காக 1988இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த வனம், 2021இல் மேகமலையோடு சேர்ந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாயிற்று. அடிவாரத்துத் தோப்புகளில் யானைகள் இறங்கித் தென்னங்குருத்தைப் பிடுங்கித் தின்பது அங்கே அபூர்வமான சம்பவமன்று. இரவுக் காவலுக்குப் போகிறவர்கள் பட்டாசும் கையுமாகத்தான் போகிறார்கள். யானையின் வழியில் நாம் போய் வீடு கட்டிக்கொண்டு யானையின் பேரில் புகார் எழுதுவது தர்மமாகாது. அதை ஒதுக்கிவைத்தாலும், என் அளவுகோல் இங்கே திட்டமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது: கார் ஓட்டும் கணவன் இருக்கும்வரை தோப்பு வீடு இன்பம், அவன் போனபின் பால் பாக்கெட்டுக்கும் மாத்திரைக்கும் பிறர் தயவை எதிர்பார்த்து, மாலை ஆறு மணிக்குக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவள் ஒருத்தி அங்கே எப்படி இருப்பாள்? ஊர் நடுவே, தெருவைப் பார்த்த வாசலோடு, எதிர்வீட்டுக்காரிக்குக் குரல் கேட்கும் தூரத்தில் இருக்கும் சிறு வீடே மேல்.

வீடு என்றவுடன், ஊரார் வரவேற்பு என்ற விஷயத்துக்கு வந்தாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய வீதியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன ஒரு தம்பதியோடு நானும் போயிருந்தேன். தெருவிலிருந்து மூன்று படி ஏறித் திண்ணை. அதைத் தாண்டி உயர்ந்த வாசற்படி. ரேழி, முற்றம், கூடம், அடுக்களை. கொல்லைக் கோடியில், இருட்டில் போகக் கூசுகிற தூரத்தில், கழிப்பறை. அந்த அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி இறங்கியதையும், முற்றத்து ஓரத்தில் கை பிடிக்க ஏதும் இல்லையே என்று தூணைத் தடவிப் பார்த்ததையும் வீட்டுக்காரர் கவனித்தார். "ரெண்டு கம்பி வச்சிரலாம்மா, கொத்தனார்கிட்டச் சொல்றேன்" என்று மரியாதையாகவே சொன்னார். வாடகை பேசியாயிற்று. அட்வான்ஸும் பேசியாயிற்று. எழுந்திருக்கும்போது, "அண்ணாச்சி எந்த ஊர்ப்பக்கம்? இங்க சொந்தபந்தம் யாரும் இருக்காகளா?" என்று கேட்டார். கேள்வி எங்கே போகிறதென்று அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். குலதெய்வம் எது என்ற அடுத்த கேள்வியோடு அது தன் இலக்கை அடைந்தது. பதில் அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை என்பதை, மகனைக் கலந்துகொண்டு சொல்லி அனுப்புவதாக அவர் சொன்ன விதத்திலிருந்து தெரிந்துகொண்டு நாங்கள் படியிறங்கினோம். சொல்லி அனுப்பவும் இல்லை.

நியூஜெர்சியிலோ லண்டனிலோ தோலின் நிறத்தைப் பார்த்துக் கதவு சாத்தப்பட்டால் அதை அநீதி என்று உரக்கச் சொல்லுகிற நாம், நம் சொந்த வீதியில் ஜாதியைக் கேட்டுச் சாத்தப்படும் கதவை வழக்கம் என்று விட்டுவிடுகிறோம். இந்தத் தாலுகாக்களின் கோயில் தரிசனத்துக்கும் மில் கூலிக்கும் எல்லோரும் சேர்ந்து வருகிறார்கள். குடியிருக்கும் தெருக்கள் மட்டும் இன்னமும் சேரவில்லை. ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குத் தாழ்த்தப்பட்டோர் போற்றும் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டி 1997இல் இந்த ஜில்லாவில் மூண்ட கலவரங்கள், தமிழ்நாட்டு ஜில்லாக்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையெல்லாம் ஒருங்கே நீக்கிவிடும்படி அரசாங்கத்தைச் செய்தன. பெயர்ப்பலகை போயிற்றே தவிரப் பேதம் போகவில்லை. கலப்பு மணம் செய்துகொண்ட தம்பதிகளும், அரசாங்க உத்தியோகத்தில் உயர்ந்த ஸ்தானத்தில் இருந்து ஓய்வு பெற்ற தாழ்த்தப்பட்ட வகுப்பினரும், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும், பழைய வீதிகளை விட்டுப் புதிய நகர்களுக்கும் காலனிகளுக்கும் போய்விடுவதே சுலபமென்று கண்டிருக்கிறார்கள். அங்கே குலதெய்வத்தைக் கேட்பதில்லை, முன்பணத்தைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அங்கே வாசலில் திண்ணையும் இல்லை, எதிர்வீட்டில் பகலில் ஆளும் இல்லை. தனியாக இருக்கப்போகிறவளுக்கு எது வேண்டுமோ அது பழைய வீதியில் இருக்கிறது. அந்த வீதி அவளைக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புகிறது. இதுவே இவ்விரண்டு ஊர்களின்மேலும் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல். வந்தேறிகளின் உழைப்பால் வளர்ந்த ராஜபாளையமாவது, தான் ஒரு காலத்தில் வந்த கதையை நினைத்து, இனி வருகிறவர்களுக்கு முதலில் கதவைத் திறந்து காட்டலாம். குறை தீராதென்று நான் நினைக்கவில்லை. கேள்வி கேட்காமல் வீடு கொடுத்த வீட்டுக்காரர்களும் இதே ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களில் மூவரை நான் அறிவேன்.

வைத்திய வசதியைப் பொறுத்தமட்டில் நிலைமை முன்னைவிட மேம்பட்டிருக்கிறது. இரண்டு ஊர்களிலும் அரசு ஆஸ்பத்திரியும் தனியார் மருத்துவர்களும் உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது; 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரிய வியாதிக்கு மதுரைதான் கதி: ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர், ராஜபாளையத்திலிருந்து 85. மாரடைப்பு வந்த ஒருவருக்கு அந்தத் தூரம் மிகவும் நீண்டது என்பதை அறிந்துகொண்டே வர வேண்டும். கண்ணுக்கு அரவிந்த் இருக்கிறது. அதை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசாங்க வைத்தியத்திலிருந்து 58ஆம் வயதில் ஓய்வு பெற்ற பிறகுதான், 1976இல், மதுரையில் பதினோரு படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். ஓய்வு என்ற சொல்லுக்கு அவரைவிட நல்ல உரைகாரர் இப்பக்கத்தில் பிறக்கவில்லை.

பிரயாணம் செய்யப் பொதிகை ரயில் இருக்கிறது; மாலையில் ஏறினால் மறுநாள் காலை சென்னை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையைத் திருப்பித் தரும்படி முதியவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

பணக் கணக்கிலும் மிஞ்சியிருப்பவரையே நினைக்க வேண்டும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசாங்க உத்தியோகஸ்தரின் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. அவர் மறைந்தபின் மனைவிக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் அந்தச் சம்பளத்தில் முப்பது சதவீதம்தான். வீட்டுச் செலவு அந்த விகிதத்தில் குறைவதில்லை. சென்னையில் அந்தத் தொகை வாடகைக்கே போய்விடும் என்றால், இவ்வூர்களில் அதைக்கொண்டு கௌரவமாகக் காலந்தள்ளலாம். இதுதான் சிற்றூர்களுக்கு நான் கண்ட பெரிய அனுகூலம். ஆனால் பிள்ளைகள் பேரில் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிடும் தாராளத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிப்பு கிடைக்காதபோது திரும்பப் பெற வழிசெய்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருப்பது நல்லது. பாசத்தின் மிகுதியில் அந்த ஒரு வரியை விட்டுவிட்டவர்கள் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பதை ஸ்ரீவில்லிபுத்தூரில் எவரும் பார்க்கலாம்.

இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், தெய்வ பக்தியும் தெரு வாழ்க்கையும் பிடித்தவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரையும், கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாதவர்களுக்கு ராஜபாளையத்தையும் சொல்வேன். எதுவானாலும் அறுபதிலேயே வந்துவிடச் சொல்வேன். கால் நடக்கும்போது வந்து, பிறர் வீட்டுக் கல்யாணத்துக்கும் துஷ்டிக்கும் போய், நாலு பேருக்கு மனு எழுதிக்கொடுத்து, நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்களைத்தான் எண்பதில் ஊரார், ஆச்சி என்றும் தாத்தா என்றும் அழைத்து வாசலில் வந்து விசாரிப்பார்கள். முடியாமற்போன பின் வந்து சேருகிறவர்களுக்கு ஊர் எவ்வளவு நல்லதாயினும் அறிமுகம் இராது.

வந்தவுடன் வாங்கிவிடவும் கூடாது. சித்திரையில் வாடகைக்கு வந்து மறு சித்திரை வரை இருந்து, வெயிலையும் ஆடிக் காற்றையும் ஐப்பசி மழையையும் மார்கழிப் பனியையும் கண்டுகொள்ள வேண்டும். அதற்குள் ஒரு முறையாவது கணவன் வெளியூர் போய்ப் பதினைந்து நாள் தங்க, மனைவி தனியாக இருந்து பார்க்க வேண்டும். ராத்திரி மின்சாரம் நின்றால் யாரைக் கூப்பிட்டாள், மாத்திரை தீர்ந்தபோது எந்தக் கடையில் வாங்கினாள், அந்தப் பதினைந்து நாளில் வாசலுக்கு வந்து பேசியவர்கள் யார் யார் என்று அவள் சொல்லட்டும். இருக்கலாம் என்று அவள் சொல்லும் தெருவில், அவள் தேர்ந்தெடுத்த வீட்டை, அவள் பெயரிலேயே பத்திரம் பதிவு செய்துகொள்ளலாம்.